ஒரு மலைமுகடும் ஐந்து தீர்ப்புகளும்: பெரியாறு திட்டத்தின் சாத்தியக்கூறு ஆய்வுகள், ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பெரும் பொறியியற் பணி எதுவாயினும், அதன் முதற்கல் நாட்டப்படுவதற்கு முன்னரே அதன் வாழ்வும் தாழ்வும் பெருமளவு முடிவாகிவிடுகின்றன. இப்பணி இயலுமா, எவ்வளவு செலவாகும், செலவுக்கேற்ற பயன் கிட்டுமா, இடமும் காலமும் இடங்கொடுக்குமா என்னும் வினாக்களுக்கு விடை காண முனையும் தொடக்கநிலை ஆய்வையே சாத்தியக்கூறு ஆய்வு என்கிறோம். அணைகள், துறைமுகங்கள், இருப்புப்பாதைகள், ஆலைகள் ஆகியவற்றின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கட்டுமானத்தையே விரித்துரைக்கின்றனர். அதற்கு முந்திய ஆய்வுகளை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர்.

மதுரைச் சீமைக்கு நீர் வழங்கும் பெரியாறு திட்டம் இக்குறையை எடுத்துக்காட்டத் தக்க சான்றாகும். 1895இல் நிறைவுற்ற அத்திட்டத்துக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட ஆய்வு வரலாறு உண்டு. ஒரே மலைமுகட்டைப் பற்றி வெவ்வேறு காலங்களில் ஐந்து தீர்ப்புகள் வழங்கப்பட்டன. மலை மாறவில்லை, ஆறும் மாறவில்லை, தீர்ப்பு மட்டும் மாறிக்கொண்டே வந்தது. அது ஏன் மாறியது என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினா. ‘இயலும்’, ‘இயலாது’ என்னும் முடிவுகள் இயற்கையைப் பற்றிய கூற்றுகளாகத் தோன்றினும், அவை கேட்கப்பட்ட வினாவையும், கையிலிருந்த கருவியையும், கணக்கிட்டவரின் நோக்கத்தையும் சார்ந்தவை என்பதே நமது கருத்து.

1. இரு ஆறுகளும் ஒரு முகடும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் தோன்றும் பெரியாறு, தென்மேற்குப் பருவமழையின் கொடையைப் பெருமளவு பெற்று மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கிறது. அம்மலையின் கிழக்குச் சரிவிலுள்ள வருசநாட்டு மலையில் தோன்றும் வைகையோ மழைமறைவுப் பகுதியின் ஆறு. பரிபாடல் வெள்ளம் பெருகிய வையையைப் பாடியது உண்மையே. எனினும் ஆண்டின் பெரும்பகுதியில் மணற்பரப்பாகக் கிடப்பதும், கடலை அடையுமுன் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் அடங்கிவிடுவதும் அவ்வாற்றின் இயல்பாகும்.

பெரியாற்றின் மேற்பள்ளத்தாக்கு கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் உள்ளது. அதற்குக் கிழக்கே, ஒரு முகட்டுக்கு அப்பால், கம்பம் பள்ளத்தாக்கு மிகத் தாழ்ந்து கிடக்கிறது. முகட்டைக் கடந்துவிட்டால் நீர் தானாகவே இறங்கி, வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையை அடையும். இவ்வளவும் மலையேறிப் பார்ப்பவர் எவர்க்கும் விளங்கக்கூடியதே. ஆகவே, பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் ஒரு தனிமனிதரின் மேதைமையால் உதித்தது எனக் கொள்ள வேண்டியதில்லை. எண்ணம் எளிது, அதை அளந்து நிறுவுவதே அரிது.

2. முதல் தீர்ப்பு: சேதுநாட்டின் ஆய்வு

பெரியாற்றைத் திருப்புவது பற்றிய முதல் ஆய்வு ஆங்கிலேயருடையதன்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாக விளங்கிய முத்திருளப்ப பிள்ளை, அறிவுடையோர் பன்னிருவரை மலைக்கு அனுப்பி ஆராயச் செய்தார் என்பது திட்ட வரலாறுகளில் பதிவாகியுள்ளது. பணி இயலக்கூடியதே, ஆயினும் அதற்கான பொருள் இல்லை என்பதே அந்த ஆய்வின் முடிவு.

இம்முயற்சியில் இரண்டு செய்திகள் நம் கவனத்துக்குரியவை. ஒன்று, ஆய்வை வேண்டியவர் யார் என்பது. வைகையின் கடைமடையில், நீர் வந்து சேராத நாட்டை ஆண்டவரின் அமைச்சர் அவர். நீரின்மையின் துன்பத்தை நேரில் அறிந்த அரசே ஆய்வைத் தொடங்கியது. மற்றொன்று, தொழில்நுட்ப வினாவும் பொருளாதார வினாவும் அப்போதே வேறுபடுத்தி அறியப்பட்டன என்பது. ‘செய்யலாம், ஆனால் செய்வதற்குப் பணமில்லை’ என்னும் விடை இன்றைய சாத்தியக்கூறு அறிக்கைகளிலும் காணக்கூடியதே.

பின்னர் 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி சேதுபதியைப் பதவியினின்றும் நீக்கியது. 1803இல் இராமநாதபுரம் ஜமீனாயிற்று. ஆய்வை வேண்டிய அரசே மறைந்துபோகவே, அந்த ஆய்வும் உரிமையாளர் அற்றதாயிற்று.

3. இரண்டாம் தீர்ப்பு: 1808

கம்பெனி ஆட்சியில் இவ்வெண்ணம் மீண்டும் எழுந்தபோது, சென்னைப் பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் ஜேம்ஸ் கால்டுவெல் 1808இல் அதை ஆராய்ந்தார். (திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல் இவர் அல்லர், அவர் பிறந்தது 1814இல்.) முகட்டைக் கடக்க நூறடிக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு வெட்ட வேண்டியிருக்கும் எனக் கண்ட அவர், இத்திட்டம் வெறும் கற்பனை, இனி இதைக் கருதவும் வேண்டுவதில்லை என்று எழுதி முடித்தார்.

பிற்காலத்தார் கால்டுவெலைக் குறுகிய நோக்குடையவராகச் சித்திரிப்பது வழக்கம். அணை கட்டப்பட்டுவிட்ட நிலையில் அவ்வாறு கூறுவது எளிது. ஆனால் 1808இல் அவர் கையில் இருந்தவை யாவை? பாறையைத் தகர்க்க வெடிமருந்தும் உளியும் மட்டுமே இருந்தன. டைனமைட்டுக்கு நோபெல் காப்புரிமை பெற்றது 1867இல். அழுத்தமூட்டிய காற்றால் இயங்கும் துளைப்பொறிகள் ஆல்ப்ஸ் மலைச் சுரங்கத்தில் பயன்பட்டுப் புகழ்பெற்றது, அச்சுரங்கம் திறக்கப்பட்ட 1871ஐ ஒட்டிய ஆண்டுகளில். உயர்ந்த கல்லணையின் உறுதியைக் கணக்கிடும் கோட்பாடு உருப்பெற்றது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர். பொருள்களை மலையடிவாரத்துக்கு அண்மையில் கொண்டுவந்து சேர்க்க இருப்புப்பாதையும் இல்லை.

இவற்றைக் கருதும்போது, கால்டுவெலின் ‘இயலாது’ என்னும் விடை அவர் காலத்துக்குப் பொருந்தியதே. பிழை வேறோர் இடத்தில் உள்ளது. ‘இப்போது இயலாது’ என்பதை அவர் ‘எப்போதும் கருதத்தக்கதன்று’ என எழுதினார். தன் கருவிகளின் எல்லையை மலையின் எல்லையாகக் கொண்ட இத்தாவலே அவ்வறிக்கையின் குறை. ஒரு சாத்தியக்கூறு அறிக்கை தன் முடிவோடு, அம்முடிவு எந்நிலைமைகளில் செல்லும் என்பதையும் கூற வேண்டும் என்னும் பாடத்தை நாம் இதிலிருந்து பெறலாம்.

4. மூன்றாம், நான்காம் தீர்ப்புகள்: 1850 முதல் 1872 வரை

1850இல் ஆற்றைத் திருப்பச் சிறிய அளவில் ஒரு மண்கட்டுப் பணி தொடங்கப்பெற்றது. காட்டின் நோய்ச் சூழலைச் சுட்டித் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர், பணி கைவிடப்பட்டது. இதுவும் ஒருவகைத் தீர்ப்பே. ஆனால் இத்தீர்ப்பை வழங்கியவர்கள் பொறியாளர்கள் அல்லர். மலைக்காய்ச்சலும் அதற்கு அஞ்சிய கூலித் தொழிலாளர்களுமே. எந்த அறிக்கையிலும் அதுகாறும் கணக்கில் வராத ஒரு செலவு அன்று வெளிப்பட்டது.

அதன்பின் கேப்டன் ரைவ்ஸ் 1862 முதல் இடத்தை ஆராய்ந்து 1867இல் முறையான திட்டம் ஒன்றை அளித்தார். 62 அடி உயர மண்ணணை ஒன்றை அவர் முன்மொழிந்தார். 1870களின் தொடக்கத்தில் ஸ்மித் என்னும் பொறியாளர் அதனினும் பன்மடங்கு பெரிய மண்ணணையையும், முகட்டைக் குடையும் சுரங்கத்தையும் கொண்ட திட்டத்தை உருவாக்கினார். மண்ணால் அவ்வளவு உயரத்துக்கு எழுப்புவது பாதுகாப்பானதா என்னும் ஐயம் மேலதிகாரிகளிடையே எழுந்தது, விவாதம் நீண்டது.

இக்கட்டத்தில் வினாவே மாறிவிட்டதை நாம் காண வேண்டும். தொடக்கத்தில், ஆற்றைத் திருப்ப இயலுமா என்பதே வினா. ஓடும் நீரைத் திருப்பினால், மழைக்காலத்தில் மிகுதியாகவும் கோடையில் சிறிதாகவுமே நீர் கிட்டும். ஆண்டு முழுவதற்கும் பயன்பட வேண்டுமாயின், நீரைத் தேக்கிவைத்து வேண்டியபோது திறக்க வேண்டும். ‘திருப்புதல்’ என்பது ‘தேக்கித் திருப்புதல்’ என மாறியபோது, 62 அடி அணை போதாததாயிற்று. திறந்த வெட்டின் இடத்தைச் சுரங்கம் கொண்டது. திட்டம் பெரிதானதால் செலவு மிகுந்தது. ஆனால் பயன் அதனினும் மிகுந்தது. சிறிய திட்டம் எளிதில் இயலக்கூடியதாகவும் பெரிய திட்டம் அரிதாகவும் இருக்கும் என்பதே பொதுவான எண்ணம். இங்கோ பெரிய திட்டமே கணக்குக்குப் பொருந்துவதாயிற்று.

5. தாது வருடப் பஞ்சமும் கணக்கின் மாற்றமும்

விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே பஞ்சம் வந்தது. தாது வருடப் பஞ்சம் என மக்கள் நினைவில் நிலைத்த 1876–78 பஞ்சம் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. மதுரைச் சீமையும் அதற்கு விலக்கன்று. அக்காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கும், நாம் வாழும் இப்பகுதியின் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் கடல் கடந்தோருள் பஞ்சத்தால் நிலமும் பிழைப்பும் இழந்தவர்களும் இருந்தனர். மதுரை, இராமநாதபுரம் பகுதிகளில் நீரில்லாமையும் நம் முன்னோரின் புலப்பெயர்வும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பதை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும்.

பஞ்சத்தின் உடனடி விளைவாகத் திட்டம் தள்ளிப்போயிற்று. நீண்டகால விளைவோ அதற்கு நேர்மாறானது. 1880இல் பஞ்ச ஆணையம், பஞ்சத்தைத் தடுக்கும் வழிகளுள் பாசனப் பணிகளை முதன்மையானவையாக வலியுறுத்தியது. அதற்கு முன்னர், முதலீட்டுக்கு உரிய வட்டியை நிலவரி ஈட்டித் தருமா என்பதே பாசனப் பணிகளின் முதன்மை அளவுகோலாக இருந்தது. பஞ்சத்துக்குப் பின், பணியைச் செய்யாவிடில் நேரும் இழப்பு எவ்வளவு என்னும் வினாவும் கணக்கில் சேர்ந்தது. நிவாரணச் செலவு, தள்ளுபடியாகும் வரி, பாழாகும் ஊர்கள் ஆகியவை தராசின் மறுதட்டில் வைக்கப்பட்டன.

மலையில் ஒரு கல்லும் பெயரவில்லை. ஆயினும் திட்டத்தின் சாத்தியம் கூடிவிட்டது. செய்வதன் செலவை மட்டும் அளந்து செய்யாமையின் செலவை அளவாமல் விடும் ஆய்வு அரை ஆய்வே என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

6. ஐந்தாம் தீர்ப்பு: பென்னிகுவிக்கின் திட்டம்

1882இல் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு மேஜர் ஜான் பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1884இல் அவருடைய திட்டமும் ஏறத்தாழ 62 இலட்ச ரூபாய் மதிப்பீடும் ஏற்கப்பட்டன. மண்ணணை கைவிடப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கற்காரையால் உட்பகுதியும், கற்கட்டால் வெளிமுகமும் அமைந்த எடையணை முன்மொழியப்பட்டது. அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் ஏறத்தாழ 1,200 அடி நீளமும் கொண்டது அது. அடியில் 138 அடி அகலமாகத் தொடங்கி உச்சியில் 12 அடியாகக் குறுகும் அதன் வடிவம், தன் எடையாலேயே நீரின் தள்ளுதலைத் தாங்கி நிற்கும் கோட்பாட்டின்படி அமைந்தது. நீரைக் கிழக்கே கொண்டுசெல்ல ஏறத்தாழ 5,700 அடி நீளச் சுரங்கம் குடையப்பட வேண்டும்.

பென்னிகுவிக்கின் சிறப்பு புதிய எண்ணம் ஒன்றைக் கண்டதில் இல்லை. முந்திய ஆய்வுகள் ஒவ்வொன்றும் விட்டுச்சென்ற வினாவை எடுத்துக்கொண்டதில் உள்ளது. கால்டுவெலை மலைக்கவைத்த வெட்டுக்குச் சுரங்கமும் துளைப்பொறியும் விடையாயின. மண்ணணை பற்றிய ஐயத்துக்கு எடையணை விடையாயிற்று. அருகில் கிடைக்கும் சுண்ணாம்பையும் செங்கற்பொடியையும் பயன்படுத்தியது விலைமிகுந்த இறக்குமதிச் சிமெண்டின் செலவைத் தவிர்த்தது. தேனி மாவட்ட ஊர்களில் இன்றும் அவர் படத்தை வீடுகளில் வைத்துப் போற்றுகின்றனர். அவர் பிறந்த நாளாகிய சனவரி 15இல் பொங்கலிடுகின்றனர். அந்நன்றியுணர்ச்சி போற்றத்தக்கது. எனினும் அவர் நின்றது முத்திருளப்ப பிள்ளை முதல் ஸ்மித் வரை பலர் அமைத்த படிகளின் மேல் என்பதை வரலாறு மறத்தலாகாது.

தொழில்நுட்பமும் பணமும் இசைந்த பின்னரும் மற்றொரு தடை இருந்தது. அணை அமைய வேண்டிய இடம் திருவிதாங்கூர் அரசுக்குரியது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 1886 அக்டோபர் 29இல் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. நாட்டெல்லை கடந்த உரிமை என்னும் வினாவுக்குத் தீர்வு கிடைத்த பின்னரே 1887இல் பணி தொடங்கியது.

7. ஆய்வு அளந்ததும் அளவாததும்

பணி தொடங்கியபின் ஆய்வின் குறைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. அடித்தளம் அமைக்கும் காலத்தில் தற்காலிகக் கரைகளை வெள்ளம் பலமுறை அடித்துச் சென்றது. அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டிகளில் பொருள்களைக் கொண்டுவந்து, கம்பிவட வழியால் மலைமேல் ஏற்ற வேண்டியிருந்தது. 1850இல் தொழிலாளரை விரட்டிய காய்ச்சல் இப்போதும் விடவில்லை. ஆண்டில் சில மாதங்கள் பணியிடத்தைவிட்டு அகல நேர்ந்தது. நோயால் இறந்தவர்கள் 483 பேர் எனப் பதிவு கூறுகிறது. அணைக்கு அருகில் அவர்களின் இடுகாடு உள்ளது. முடிவில் செலவு 80 இலட்ச ரூபாயைக் கடந்தது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

செலவுக் கணக்கு தவறியது பெரிதன்று; எந்த மதிப்பீட்டிலும் அது நிகழக்கூடியதே. நாம் கருத வேண்டியது, ஆய்வுகளில் வினாவாகவே இடம்பெறாதவற்றை. நீரில் மூழ்கிய பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்த காட்டிலும் மன்னான், பளியர் முதலிய பழங்குடியினர் வாழ்ந்தனர். ஏக்கருக்கு 5 ரூபாய் எனக் கணக்கிட்ட ஒப்பந்தம் இரு அரசுகளுக்கு இடையேயானது. அதில் அவர்கள் தரப்பு எதுவும் இல்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்தோரின் நாளைய அச்சமும் அன்றைய கணக்கில் வரவில்லை.

நீரை முதலில் வேண்டிய சேதுநாட்டின் நிலையும் கருதத்தக்கது. வைகையின் குறுக்கே பேரணையில் தொடங்கிய பெரியாற்றுப் பிரதான கால்வாய் மதுரைக்கு வடக்கிலும் மேலூர்ப் பகுதியிலும் நெல்வயல்களைப் பெருக்கியது. இராமநாதபுரம் கடைமடையாகவே நின்றது. இருப்புப்பாதைக்கும் வரிக்கணக்குக்கும் அணித்தான நிலங்கள் முந்திக்கொண்டன. வினாவை எழுப்பியவர் ஒருவர், விடையால் பயனடைந்தவர் மற்றொருவர் என்பது இத்திட்ட வரலாற்றின் கூர்மையான முரண்.

8. 1895க்குப் பின்: முடிவுறாத ஆய்வு

பெரியாறு அணை நிறைவுற்ற அதே 1895ஆம் ஆண்டின் ஏப்ரலில், பிரான்சு நாட்டில் பூசே என்னுமிடத்துக் கல்லணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அணையின் அடியிலும் உடலிலும் ஊடுருவும் நீர் அணையை மேல்நோக்கித் தூக்கும் என்பதைப் பொறியாளர் உலகம் ஆழ்ந்து உணரத் தொடங்கியது அதன் பின்னரே. 1882இன் வடிவமைப்பு அதன் காலத்து அறிவுக்கு நிறைவானது; அவ்வறிவோ பணி முடிந்த ஆண்டிலேயே பழையதாகிவிட்டது.

1979இல் குசராத்தில் மச்சு அணை உடைந்தபின், பெரியாறு அணை பற்றிய அச்சம் கேரளத்தில் வலுத்தது. நடுவண் நீர் ஆணையம் ஆராய்ந்து, நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைக்கவும் அணையை வலுப்படுத்தவும் அறிவுறுத்தியது. அணையின் மேல் கற்காரைத் தொப்பியும், அடிப்பாறையோடு பிணைக்கும் எஃகு வடங்களும், பின்புறக் கற்காரைத் தாங்கலும் அமைக்கப்பட்டன. 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க ஒப்புதல் அளித்தது. கேரளச் சட்டத் திருத்தத்தால் எழுந்த வழக்கில் 2014 மே மாதத்தில் அதை மீண்டும் உறுதிசெய்தது. இவ்வழக்குகளில் இரு மாநிலங்களும் முன்வைத்தவை வெள்ளக் கணக்கும், நில அதிர்வுக் கணக்கும், கட்டுமான உறுதிக் கணக்குமே. அணை கட்டி நூறாண்டு கடந்த பின்னும் சாத்தியக்கூறு ஆய்வு நடந்துகொண்டே இருந்தது என்பதே இதன் பொருள். 999 ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுதலாம். அவ்வளவு காலத்துக்குச் செல்லும் ஆய்வறிக்கையை எவராலும் எழுத இயலாது.

எதிர்பாராத நன்மையும் உண்டு. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு 1934இல் வேட்டை விலங்குச் சரணாலயமாகவும், 1950இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 1978இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. மதுரையின் நெல்லுக்காகக் கணக்கிட்டோர் தேக்கடியின் யானைகளைக் கணக்கிட்டிருக்க வாய்ப்பில்லை.

முடிவுரை

பெரியாறு திட்டம் பெற்ற ஐந்து தீர்ப்புகளையும் ஒருசேர நோக்கின், அவற்றுள் எதையும் வெறும் அறியாமை என்றோ வெறும் மேதைமை என்றோ தள்ளவும் கொள்ளவும் இயலவில்லை. சேதுநாட்டின் ஆய்வு பொருளின்மையால் நின்றது. கால்டுவெலின் ஆய்வு கருவியின்மையால் நின்றது. 1850இன் முயற்சி நோயால் நின்றது. ரைவ்ஸ், ஸ்மித் ஆகியோரின் திட்டங்கள் மண்ணணை பற்றிய ஐயத்தாலும் பஞ்சத்தாலும் நின்றன. பென்னிகுவிக்கின் திட்டம் இவையனைத்துக்கும் விடை கூறியதால் நிறைவேறியது. நிறைவேறிய அத்திட்டமும் தான் கேளாத வினாக்களைப் பின்வந்தோர்க்கு விட்டுச்சென்றது.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டு ஆணையும் இந்தியாவில் 1994ஆம் ஆண்டு அறிவிக்கையும் பெருந்திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கின. இது வினாக்களின் பட்டியல் நீண்டுள்ளதைக் காட்டுகிறது. பட்டியல் நிறைவுற்றதைக் காட்டவில்லை. பெரியாற்றின் வரலாற்றை வகுப்பறையில் கூறும் ஆசிரியர்கள், தடைகளை வென்ற ஒரு பெருமகனின் கதையாக மட்டும் அதைக் கூறாது, ஒவ்வோர் அறிக்கையும் யார் கேட்ட வினாவுக்கு விடை, யாருடைய வினா அதில் கேட்கப்படவே இல்லை என்பவற்றையும் மாணவர்க்கு உணர்த்துதல் நன்று. அணைக்கு அருகிலுள்ள 483 பேரின் இடுகாடும் வைகையின் கடைமடையில் வறண்டு கிடந்த கண்மாய்களும் அவ்வினாவை நம்மிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.